எந்தத் தெர்மோஸ்டாட் வாங்கிறது, தம்பி?

ஹீட் பம்ப் போட முடிவெடுத்தவர்களிடமிருந்து எனக்கு வரும் முதல் செய்தி பெரும்பாலும் ஒரு படம்தான். கடைத் தட்டில் இருக்கும் தெர்மோஸ்டாட் பெட்டியைப் படம் பிடித்து அனுப்பி, "இது நல்லதோ தம்பி? தள்ளுபடி இண்டைக்கு முடியுது" என்று கேட்டிருப்பார்கள். நான் பதிலுக்கு வேறு படங்கள் கேட்பேன். பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, ஃபர்னஸின் ஸ்விட்சை அணைத்து, கீழ்க் கதவைக் கழற்றி, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை ஒரு படம். வெளியே புதிதாக நிற்கப் போகும் யூனிட்டின் மாடல் நம்பர். இப்போது சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டின் முகப்பைக் கழற்றி, வயர்கள் தெரிகிற மாதிரி இன்னொன்று. "ஒரு பெட்டிக்கு இவ்வளவு விசாரணையோ?" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. சுவரில் மாட்டுகிற பொருள் என்பதால் சுவரையும் விலையையும் பார்த்து வாங்குகிறார்கள். எந்தத் தெர்மோஸ்டாட் என்று சொல்லப் போவது பேஸ்மென்ட்டில் இருக்கும் போர்டுதான்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கை பழகிய காலத்தில் வீட்டுக்கு வீடு கேஸ் ஃபர்னஸ். கோடைக்கு வெளியே ஒரு ஏசி. அப்போது தெர்மோஸ்டாட் வெறும் ஸ்விட்ச். அறை குளிர்ந்தால் இரண்டு வயரைச் சேர்க்கும், சூடானால் பிரிக்கும். 1953இல் ஹனிவெல் கொண்டுவந்த வட்ட வடிவத் தெர்மோஸ்டாட், ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்தது, பழைய பங்களா வீடுகள் சிலவற்றின் சுவரில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே கண்ணாடிக் குமிழுக்குள் கொஞ்சம் பாதரசம் சாய்ந்து கொடுக்கும், அவ்வளவுதான் சங்கதி. (கழற்றினால் அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுக்க வேண்டிய பொருள்.) கேஸ் ஃபர்னஸுக்கு எந்தத் தெர்மோஸ்டாட் மாட்டினாலும் வீடு சூடாகிவிடும். அந்தப் பழக்கத்தில்தான் இன்றைக்கும் எல்லோரும் கடைக்குப் போகிறார்கள்.

2021இல் கனடிய மத்திய அரசு வீட்டுச் சீரமைப்புக்கு 5,000 டாலர் வரை மானியம் என்று அறிவித்த பிறகு மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்டன் என்று எல்லாப் பக்கமும் ஹீட் பம்ப் ஏறியது. ஒன்ராறியோவில் கேஸ் வேலைக்கு ஜி2 லைசென்ஸ் வேண்டும். குளிரூட்டி வேலைக்கு 313ஏ அல்லது 313டி. இரண்டும் வைத்திருக்கும் ஆட்கள் குறைவு. ஒருவர் ஃபர்னஸைப் பார்ப்பார், மற்றவர் வெளி யூனிட்டைப் பார்ப்பார், தெர்மோஸ்டாட்டை இருவருமே மற்றவரின் வேலை என்று விட்டுவிட்டுப் போவார்கள். பிறகு வீட்டுக்காரர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய்ப் பார்த்த ஹீட் பம்ப் புகார்களில் இயந்திரத்தில் கோளாறு இருந்தவற்றைவிடத் தெர்மோஸ்டாட்டின் செட்டிங்கில் கோளாறு இருந்தவையே அதிகம்.

சுவரில் இருந்து முகப்பைக் கழற்றியதும் நான் முதலில் பார்ப்பது வயர் வரும் ஓட்டையை. பனிக்காலத்தில் அந்த ஓட்டைக்கு நேரே விரலைப் பிடித்தால் சில வீடுகளில் குளிர்காற்று நன்றாகவே தெரியும். சுவருக்குள் இருந்து வரும் அந்தக் காற்றுத்தான் தெர்மோஸ்டாட்டின் உணரிக்கு நேரே அடிக்கிறது. அறை 21 டிகிரியில் இருக்கும், தெர்மோஸ்டாட் 19 என்று காட்டும். கொஞ்சம் புட்டி வைத்து அடைத்தால் போதும். இதைச் செய்யாமல் முந்நூறு டாலர் பெட்டியை மாட்டுவதில் பயனில்லை.

அடுத்தது வயர்களின் எண்ணிக்கை. அறுபதுகளில் கட்டிய ஸ்காபரோ வீடுகளில் இரண்டு வயர் மட்டும் வரும். தொண்ணூறுகளில் கட்டிய மார்க்கம் வீடுகளில் நாலோ ஐந்தோ. கேஸ் ஃபர்னஸோடு சேர்த்து ஒரு சாதாரண ஹீட் பம்பை ஓட்டவே ஆறு வேண்டும்: மின்சாரம் வரும் ஆர், அது திரும்பிப் போகும் சி, கம்ப்ரஸருக்கு ஒய், காற்றாடிக்கு ஜி, ஃபர்னஸுக்கு டபிள்யூ, திருப்பு வால்வுக்கு ஓ அல்லது பி. இரண்டு நிலையில் ஓடும் யூனிட் என்றால் இன்னும் ஒன்றோ இரண்டோ. எல்லாம் 24 வோல்ட்தான். நான் எப்போதும் 18 கேஜில் எட்டு வயர் உள்ள கேபிளாகவே இழுப்பேன். மிச்சம் நிற்கும் வயர் பின்னால் யாருக்காவது உதவும். பழைய வயரைச் சுவருக்குள் ஆணி வைத்து அடித்திருக்காவிட்டால் அதன் நுனியில் புதியதைக் கட்டி மேலிருந்து இழுத்துவிடலாம். அடித்திருந்தால், அதற்கு மேல் பேஸ்மென்ட் கூரையையும் டிரைவாலால் மூடி வாடகைக்கும் விட்டிருந்தால், இழுக்க வழியில்லை. அந்த வீடுகளுக்கு வயர்லெஸ் வகை: ஃபர்னஸ் பக்கத்தில் ஒரு பெட்டி, சுவரில் பேட்டரியில் ஓடும் முகப்பு. விலை கூடும். ஆனால் கூரையை உடைப்பதைவிட மலிவு.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பு ஆர், பச்சை ஜி, மஞ்சள் ஒய் என்பது வழக்கமே தவிரச் சட்டமில்லை. முன்னால் வந்தவரின் கையில் எந்த நிறம் மிச்சமிருந்ததோ அதைத்தான் மாட்டியிருப்பார். இன்னொன்று: முகப்பைக் கழற்றும்போது தடித்த வயர் இரண்டோ நாலோ, முனையில் தொப்பி போட்டு முறுக்கியிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது 240 வோல்ட். சுவரோரம் ஓடும் மின்சார பேஸ்போர்டு ஹீட்டருக்கான இணைப்பு. இந்தக் கட்டுரையில் சொல்லும் எந்தத் தெர்மோஸ்டாட்டும் அதற்குப் பொருந்தாது.

ஹீட் பம்ப் என்பது ஏசிதான். ஆனால் திருப்பியும் ஓடும். கோடையில் வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும். குளிரில் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே கொண்டுவரும். எந்தத் திசை என்பதை வெளி யூனிட்டுக்குள் இருக்கும் ஒரு வால்வு முடிவு செய்யும். பெரும்பாலான கம்பெனிகள் குளிரூட்டும்போது அந்த வால்வுக்கு மின்சாரம் கொடுப்பார்கள், அது ஓ. ரீம், ரூட் போன்றவை சூடாக்கும்போது கொடுப்பவை; அது பி. தெர்மோஸ்டாட்டில் ஒரே துளைக்கு ஓ/பி என்று போட்டிருக்கும், மெனுவுக்குள் போய் எது என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஏஜாக்ஸில் ஓர் அண்ணை யூடியூப் பார்த்துத் தானே மாட்டியிருந்தார். "தம்பி, 22இல வைச்சா 17க்கு இறங்குது. இன்னும் கூட்டினா இன்னும் குளிருது" என்றார். அவர் கூட்டக் கூட்ட, இயந்திரம் சொன்னபடியே முழு மூச்சாகக் குளிரூட்டிக்கொண்டிருந்தது. மெனுவில் ஓர் எழுத்தை மாற்றினேன். அதற்குள் அந்தக் கம்பெனியைத் திட்டி அவர் ஒரு நீண்ட கடிதமே எழுதி முடித்திருந்தார். அனுப்பவில்லை என்று சொன்னார், எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

ஓ/பி கோளாறு ஒரே நாளில் தெரிந்துவிடும், அதனால் அதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. மாதக் கணக்கில் தெரியாமல் காசைத் தின்பது இரண்டாவது வெப்பம். தெர்மோஸ்டாட் தேர்வில் எனக்கு முக்கியமான கேள்வி இது ஒன்றுதான்: ஹீட் பம்ப் தனியாகச் சமாளிக்க முடியாத குளிரில் உதவிக்கு வருவது எது, அதை எப்போது கூப்பிடுவது, யார் கூப்பிடுவது?

உதவி இரண்டு வகை. முழுக்க மின்சாரத்தில் ஓடும் வீடு என்றால் காற்றுப் பெட்டிக்குள் 5, 10, 15 கிலோவாட் என்று கம்பிச் சுருள் ஹீட்டர் இருக்கும். கேஸ் வீடு என்றால் பழைய ஃபர்னஸே உதவி. சுருள் ஹீட்டரும் ஹீட் பம்பும் ஒன்றாக ஓடலாம். காற்று முதலில் ஹீட் பம்பின் காயிலைத் தாண்டி, அதற்குப் பிறகுதான் சுருளுக்குப் போகும். கேஸ் ஃபர்னஸில் அப்படியில்லை. காயில் ஃபர்னஸுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். ஃபர்னஸ் எரிந்து 50, 60 டிகிரிக் காற்று அந்தக் காயிலுக்குள் போகும்போது, அதே காயிலில் கம்ப்ரஸரும் வெப்பத்தைக் கொட்டப் பார்த்தால் அழுத்தம் ஏறி, பாதுகாப்பு ஸ்விட்ச் யூனிட்டை நிறுத்திவிடும். அதனால் தெர்மோஸ்டாட்டுக்கு "உன் இரண்டாவது வெப்பம் கேஸ்" என்று சொல்லும் வசதி இருக்க வேண்டும். ஃபர்னஸ் எரிந்தால் அது கம்ப்ரஸரை நிறுத்த வேண்டும். மலிவான மாடல்கள் சிலவற்றில் ஹீட் பம்ப் என்ற தேர்வு இருக்கும், உதவி மின்சாரமா கேஸா என்ற கேள்வியே இருக்காது. பெட்டியின் பின்பக்கத்தில் நான் தேடுவது அதை. வைஃபை, குரல் கட்டளை, நிறம் மாறும் திரை எல்லாம் அதற்குப் பிறகு.

எப்போது கூப்பிடுவது என்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே மைனஸ் 20, உள்ளே 21 என்றால் அந்த வீடு மணிக்கு 40,000 பிடியு வெப்பத்தை இழக்கிறது என்று வைப்போம். ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய 975. வெளியே மைனஸ் 8 ஆகும்போது தேவை 28,000 சொச்சம். மூன்று டன் ஹீட் பம்ப் 8 டிகிரியில் 36,000 கொடுக்கும். குளிர் ஏற ஏற இறங்கிக்கொண்டே போய், மைனஸ் 8இல் அதுவும் 28,000க்கு வந்தால், அதுதான் அந்த வீட்டின் சமநிலைப் புள்ளி. அதற்குக் கீழே போனால் உதவி வேண்டும். அதற்கு மேலே உதவி ஓடினால் வீண்செலவு. கடும் குளிருக்கென்று செய்த யூனிட் என்றால் மைனஸ் 25இலும் ஓடும், இந்தப் புள்ளி இன்னும் கீழே போகும். வீட்டுக்கு வீடு மாறும் எண் இது. ஆனால் நான் போய்த் திறந்து பார்க்கும் மெனுக்களில் பெரும்பாலும் கம்பெனி வைத்து அனுப்பிய எண்ணே அப்படியே இருக்கும்.

கேஸ் வீடுகளுக்கு இரண்டாவது கணக்கு ஒன்று உண்டு: எது மலிவு? ஒரு கன மீட்டர் கேஸை 95 சதவீதத் திறனுள்ள ஃபர்னஸில் எரித்தால் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி வெப்பம் வீட்டுக்குள் வரும். ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டரைப் பங்கு வெப்பம் தரும் நிலையில் ஹீட் பம்ப் ஓடினால் அதே வெப்பத்துக்கு 4 கிலோவாட் மணி போதும். குளிர் கூடி அது இரண்டு பங்காகக் குறைந்தால் 5. ஆகவே பில்லைக் கையில் எடுத்து, கொண்டுவந்து சேர்க்கும் கட்டணமும் சேர்த்து ஒரு கன மீட்டர் கேஸுக்கு என்ன விழுகிறது, நாலு கிலோவாட் மணிக்கு என்ன விழுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்ராறியோவில் மின்சார விலை நேரத்துக்கும் மாறும். 2023 மே மாதம் நள்ளிரவு மலிவுக் கட்டணம் வந்தபோது இரவு 11 முதல் காலை 7 வரை 2.4 சதம், வேலை நாட்களில் மாலை 4 முதல் 9 வரை 24 சதம். பத்து மடங்கு. அந்தத் திட்டத்தில் இருக்கும் வீட்டில் இரவு 2 மணிக்கு ஹீட் பம்பும் மாலை 6 மணிக்கு ஃபர்னஸும் ஓடுவதுதான் புத்தி. நேரத்தையும் வெளி வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்து மாற்றத் தெரிந்த தெர்மோஸ்டாட் அந்த வீட்டுக்குப் போட்ட காசுக்குத் தகும். 2025 ஏப்ரல் 1 முதல் வீட்டு கேஸ் மீதான கார்பன் கட்டணம் நீங்கியபோது இந்தக் கணக்கு மறுபடி கேஸ் பக்கம் சாய்ந்தது. ஹீட் பம்பிலிருந்து ஃபர்னஸுக்கு மாறும் அந்த மாற்று வெப்பநிலையைத் திருத்தித் தரச் சொல்லிச் சிலர் கூப்பிட்டார்கள். கூப்பிடாதவர்களே அதிகம்.

வெளியே எத்தனை டிகிரி என்று தெர்மோஸ்டாட்டுக்கு எப்படித் தெரியும்? வைஃபை வகைகள் பலவும் இணையத்தில் இருந்து வானிலையை எடுத்துக்கொள்ளும். அது எங்கோ ஒரு நிலையத்தின் அளவு. ஏரிக்கரையில் பிளஸ் 1 இருக்கும் இரவில் வடக்கே ஸ்டூவில் பக்கம் மைனஸ் 4 இருக்கலாம். வைஃபை அறுந்தால் அதுவும் இல்லை. வீட்டின் வடக்குச் சுவரில், வெயில் படாத இடத்தில், வயரோடு ஓர் உணரியை வைக்க வசதியுள்ள மாடல் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். சில டாலர் வேலை. இணையத்தை நம்பும் வகையை வாங்கிவிட்டவர்களுக்கு, மாற்று வெப்பநிலையை ஓரிரு டிகிரி தள்ளி வைத்துக் கொடுக்கிறேன்.

மார்க்கத்தில் ஒரு வீடு. முழு மின்சாரம், சுருள் ஹீட்டர் 10 கிலோவாட். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பில் கூடுகிறது என்று கூப்பிட்டார்கள். வீட்டில் அம்மா தனியாக, இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பகலிலை ஆக்கள் இல்லை எண்டு அது நினைக்குது தம்பி. நான் ஆளில்லையோ?" என்றார். தெர்மோஸ்டாட் பழக்கத்தைத் தானாகக் கற்றுக்கொள்ளும் வகை. அவர் அதன் முன்னால் நடமாடுவதே இல்லை. அவருடைய அறை பின்பக்கம். ஓட்டப் பதிவைத் திறந்து பார்த்தேன். இரவு 17க்கு இறக்கம், காலை ஆறுக்கு 21க்கு ஏற்றம். பகலில் மறுபடி இறக்கம், மாலையில் ஏற்றம். ஒவ்வோர் ஏற்றத்திலும் திரையில் செம்மஞ்சள் பட்டை நீளமாக ஓடியிருந்தது. அது சுருள் ஹீட்டர். கேஸ் ஃபர்னஸ் நாலு டிகிரியை வேகமாக ஏற்றிவிடும். ஹீட் பம்ப் அப்படி ஓடப் பிறந்ததல்ல. அது 35, 40 டிகிரிக் காற்றை நிதானமாக நாள் முழுக்கத் தள்ளும். அவசரப்படுத்தினால் தெர்மோஸ்டாட் சுருளைக் கூப்பிடும். ஹீட் பம்ப் ஒன்றுக்கு இரண்டரை தரும் இடத்தில் சுருள் ஒன்றுக்கு ஒன்றுதான். மிச்சம் பிடிக்க வைத்த இறக்கமே செலவாகிப் போனது. அமெரிக்க எரிசக்தித் துறையும் ஹீட் பம்ப் வீடுகளில் இப்படிப் பெரிதாக இறக்கி ஏற்றுவதை ஊக்குவிப்பதில்லை. கற்கும் வசதியை அணைத்தேன், இரவும் பகலும் 21 வைத்தேன், மைனஸ் 5க்கு மேலே சுருள் ஓடவே கூடாது என்று பூட்டினேன். அதே பெட்டிதான், புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. "சேமிப்பு முறை எண்டுதானே போட்டிருந்தது" என்று மகனுக்கு என்மேல் கொஞ்சம் மனத்தாங்கல்.

இன்வெர்ட்டர் வகை யூனிட்டுகளுக்கு வேறு நியாயம். கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இயந்திரங்கள் அவை. பல கம்பெனிகள் அவற்றுக்குத் தாங்களே ஒரு தெர்மோஸ்டாட் செய்கின்றன. கேரியருக்கு இன்பினிட்டி, டைகினுக்கு டைகின் ஒன் என்று. இயந்திரமும் முகப்பும் தங்களுக்குள் எண்களாகப் பேசிக்கொள்ளும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கைபேசிக்குப் பழக்கமான பிராண்டை மாட்டினால், யூனிட் ஓடும்; ஆனால் பல மாடல்கள் வெறும் ஓடு, நில் என்ற இரண்டு சொல்லுக்கு இறங்கிவிடும். வேகம் மாறுவதற்காக மூவாயிரமோ நாலாயிரமோ டாலர் கூடக் கொடுத்தவர், அந்த வசதியைச் சுவரில் வைத்துத் தொலைக்கிறார். போஷ் போன்றவர்களின் சில யூனிட்டுகள் குழாய் அழுத்தத்தைப் பார்த்துத் தாங்களே வேகத்தை முடிவு செய்யும். அவற்றுக்குச் சாதாரண 24 வோல்ட் தெர்மோஸ்டாட் போதும். மாடல் நம்பரை நான் முதலிலேயே கேட்பது இதற்காகத்தான். ரொறன்ரோவிலேயே பிறந்த கம்பெனி என்று ஈகோபியை விரும்பிக் கேட்பவர்கள் நிறையப் பேர். நல்ல பொருள், இரண்டாவது வெப்பத்துக்கான பூட்டுகள் எல்லாம் அதில் உண்டு. இன்வெர்ட்டர் யூனிட் பேசும் பாஷை அதற்குத் தெரியாவிட்டால் அதையும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மாட்டும் இடம் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. உள்சுவர், ஐந்தடி உயரம், வெயிலும் அடுப்பும் காற்றுத் துவாரமும் நேரே படாத இடம். நம் வீடுகளில் சாமியறைக்கு வெளியே மாட்டுவதையும் தவிர்ப்பது நல்லது. வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றினால் அந்த மூலை மட்டும் சூடாகி, மற்ற அறைகள் விறைக்கும்.

யார் கையில் தொடப் போகிறார்கள் என்பதை மட்டும் கட்டாயம் கேட்பேன். பகலில் வீட்டில் இருப்பவர் எழுபது வயது அம்மம்மா என்றால், தொட்டால் திரை மாறும் கண்ணாடிப் பெட்டியை விட, ஏறு இறங்கு என்று இரண்டு பொத்தானும் பெரிய எண்ணும் உள்ளதே உத்தமம். "எமர்ஜென்சி ஹீட்" என்ற தேர்வை மெனுவில் மறைத்துவிடுவேன். குளிர் கூடும்போது அது அவசரம்தானே என்று அழுத்திவிடுவார்கள். அழுத்திய கணத்தில் கம்ப்ரஸர் நின்று, சுருளோ கேஸோ மட்டும் ஓடும், யாரும் திரும்ப மாற்றமாட்டார்கள். வெளி யூனிட்டில் உறைந்த பனியை உருக்க ஹீட் பம்ப் அவ்வப்போது சில நிமிடம் தலைகீழாக ஓடும், அப்போது ஆவி புகை மாதிரி எழும்பும், தீ இல்லை என்பதையும் அவர்களிடமே சொல்லிவிட்டு வருவேன். மகனிடம் சொன்னால் அது அம்மாவுக்குப் போய்ச் சேராது.

பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகள்தான் தலைவலி. தெர்மோஸ்டாட் மேலே, கீழே இருப்பவர் குளிரில். குளிர்காலத்தில் வாடகை வீட்டில் 21 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது ரொறன்ரோ மாநகர விதி, மேலே இருப்பவர் போர்வைக்குள் 19 போதும் என்று நினைத்தாலும். கீழே ஓர் உணரியை வைத்து, இரண்டு தளத்தின் சராசரியைப் பார்க்கும் மாடலை அங்கே பரிந்துரைக்கிறேன். ஒரே காற்றுக் குழாயில் இரண்டு தளமும் இருந்தால் அதுவும் முழுத் தீர்வில்லை. ஒரு தளம் கொஞ்சம் கூடச் சூடாகும். வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் ஒரே நேரத்தில் என்னிடம் முறைப்படுவதைவிட, ஒருவர் மட்டும் முறைப்படுவது மேல்.

மாட்டிவிட்டு வரும்போது, மைனஸ் 15க்குக் கீழே போகும் முதல் இரவுக்குப் பிறகு ஒருமுறை கூப்பிடச் சொல்வேன். அந்த இரவின் ஓட்டப் பதிவை வைத்துத்தான் மாற்று வெப்பநிலையைக் கடைசியாக வைப்பேன். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியும் அறை 21ஐ விடாமல் பிடித்திருந்தால் இன்னும் இரண்டு டிகிரி கீழே இறக்கலாம். விடியற்காலையில் 20க்கு நழுவியிருந்தால் ஒரு டிகிரி மேலே. புதிய எண்ணையும் தேதியையும் ஃபர்னஸ் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைப்பேன், அடுத்து வருபவர் பார்க்கிற மாதிரி.